திரித்துவம் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்ததா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "திரித்துவம் என்ற வார்த்தையே வேதத்தில் இல்லை. 325-ல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைத் தெய்வமாக்கினார் என்கிறார்களே, உண்மையா ஐயா?"

சரி. பிதா, குமாரனாகிய இயேசு, பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதுதான் திரித்துவம். அந்த வார்த்தை வேதத்தில் இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. லத்தீனில் அதை எழுத்தில் கொண்டுவந்தவர் கார்த்தேஜ் ஊர் தெர்த்துல்லியன். சுமார் 213-ல், அதாவது நிசேயாவுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அதற்கும் நூறு வருஷம் முன்னால் போங்கள். இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டு ரோமப் பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார்: இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று. நம்மை எதிர்த்தவர் கொடுத்த சாட்சி இது! நிசேயா நகரமும் அவர் ஆண்ட மாகாணத்தில்தான் இருந்தது.

அப்படியானால் 325-ல் நிசேயாவில் பிஷப்மார்கள் கூடிய சங்கத்தில் என்னதான் சண்டை? அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்ற மூப்பர், குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு" என்று போதித்தார். அவரும் வேதத்திலிருந்துதான் பேசினார், ஞானம் "கர்த்தர் என்னைப் படைத்தார்" என்று சொல்வதாகக் கிரேக்க வேதத்தில் வரும் நீதிமொழிகள் 8:22-ஐக் காட்டினார். எந்த வசனத்தைச் சொன்னாலும் அவர் பக்கத்தார் அதைத் தங்கள் போக்கில் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதனால்தான் வளைக்க முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது: 'ஹோமோஊசியோஸ்', பிதாவோடு ஒரே தன்மையுடையவர். வேதத்தில் இல்லாத சொல் என்று பிஷப்மார்களுக்கே தயக்கம் இருந்தது. ஆனாலும் வந்திருந்த சுமார் முந்நூறு பேரில் கடைசிவரை கையெழுத்திட மறுத்த பிஷப்மார்கள் இரண்டே பேர்.

கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டினார், அதை மறுக்கவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். நிசேயாவின் முடிவுக்காக நின்ற அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸை முதன்முதலில் நாடு கடத்தியவர் அதே கான்ஸ்டன்டைன். மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியஸை ஆதரித்த பிஷப். அவருடைய மகன் கான்ஸ்டான்டியஸும் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றார். அத்தனாசியஸ் ஐந்து முறை துரத்தப்பட்டு, 17 வருஷத்தை வெளியே கழித்தார். அரசன் சொன்னதுதான் உபதேசம் என்றால், இன்று நாம் ஆரியஸின் உபதேசத்தில் இருந்திருப்போம்.

பரிசுத்த ஆவியானவரைப் பற்றி 325-ன் விசுவாசப்பிரமாணத்தில் எழுதியது ஒரே வரி, "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்பது மட்டும். அப்புறம் கப்பதோக்கியாவின் பேசில், அவர் தம்பி கிரகோரி, நண்பர் இன்னொரு கிரகோரி, இந்த மூவரும்தான் 'தன்மை (ஊசியா) ஒன்று, ஆள்தத்துவம் (ஹிப்போஸ்டாசிஸ்) மூன்று' என்று சொற்களைப் பிரித்துத் தெளிவாக்கினார்கள். அதுவரை அந்த இரண்டு கிரேக்கச் சொற்களையும் பலர் ஒரே பொருளில்தான் பயன்படுத்தி வந்தார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

381-ல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம். தியோடோசியஸ் பேரரசரின் ஆதரவு அதற்குப் பலமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். "ஜீவனைக் கொடுக்கிறவர், பிதாவோடும் குமாரனோடும் தொழுது மகிமைப்படுத்தப்படுகிறவர்" என்ற வார்த்தைகள் அந்தச் சங்கத்தின் பெயரில் வந்தவை. நாம் ஆராதனையில் நிசேயா விசுவாசப்பிரமாணம் என்று சொல்லுவதும் பெரும்பாலும் இந்த 381-ன் வடிவம்தான்.