முழுப் பாட்டும் மனதில் இருக்கட்டும்
(மும்பை தாராவியில் தமிழ்ச் சபையார் கூடிய குடும்பக் கூடுகையில் பேசியது)

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

ஞாயிறு ஆராதனையில் நாம் நன்றாகவே பாடுகிறோம். ஆனால் திங்கட்கிழமை காலை சயன் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கும்போது அந்தப் பாட்டு வாயில் வருகிறதா? பல்லவி வரும். இரண்டாம் சரணம் வராது. திரையைப் பார்த்தே பாடிப் பழகிவிட்டோம். பாட்டை மனப்பாடம் செய்யுங்கள், முழுப் பாட்டையும். இதைக் கேட்கத்தான் வந்தேன்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறை. பவுலுக்கும் சீலாவுக்கும் உடம்பெல்லாம் அடிபட்ட காயம், கால்கள் தொழுமரத்தில். நடுராத்திரியில் துதித்துப் பாடினார்கள். அங்கே யார் புத்தகத்தை நீட்டினார்கள்? உள்ளே சேர்த்து வைத்திருந்தது வெளியே வந்தது. காவலில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது.

நம்முடைய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இதை நன்றாக அறிந்தவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தஞ்சாவூரில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். கோயிலுக்குக் கீர்த்தனை எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. ஞான ஏற்றப்பாட்டு எழுதினார். ஏற்றம் இறைக்கிறவன் பாடுகிற பாட்டு அது! வயலில் தண்ணீர் பாய்கிற இடத்திலும் கர்த்தருடைய நாமம் ஒலிக்க வேண்டும் என்ற வாஞ்சை இல்லாமல் யாரும் அப்படி எழுத முடியாது.

நமக்கு இங்கே ஏற்றம் இல்லை, இட்லிக் கொப்பரை இருக்கிறது. நம் தெருவில் விடியுமுன் எழுந்து வியாபாரத்துக்கு இட்லி அவிக்கிற ஓர் அக்காள் கடிகாரம் பார்ப்பதில்லை. மாவை ஊற்றி மூடியதும் ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார். எல்லாச் சரணங்களையும் நிதானமாகப் பாடி, அடுத்ததில் பாதி வரும்போது மூடியைத் திறப்பார். ஈடு பதமாக வெந்திருக்கும். சத்தமே இராது, உதடு அசையும், அவ்வளவுதான். ஒரே அறையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த மகன் தூங்குகிறான், சுவருக்கு அப்பால் வேறு குடும்பம். கர்த்தருக்கு மைக் வேண்டியதில்லை, அன்பானவர்களே. அயலாரின் தூக்கத்தைக் கெடுத்துப் பாடுவதை நான் துதி என்று சொல்லமாட்டேன்.

வேலை போன வீட்டில், சாவு விழுந்த வீட்டில் எப்படிப் பாடுவது என்று கேட்பீர்கள். சங்கீதப் புத்தகத்தில் அழுகைக்கும் இடம் இருக்கிறது. 13ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்றுதான் தொடங்குகிறது. அழுதுகொண்டே பாடுங்கள். தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருப்பவர் பாடட்டும். சபை அதற்காகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பிறந்த பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் என்ன? காது இருக்கிறதே. குடும்ப ஜெபத்தில் மாதம் முழுவதும் ஒரே பாட்டைப் பாடுங்கள், தாத்தா ஆச்சி ஒரு வரி சொல்ல, பேரப்பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும். புதுப்பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு நான்கு புதுப்பாட்டு வேண்டாம் என்கிறேன்.

இந்த மாதத்துக்கு 103ஆம் சங்கீதத்தின் முதல் ஐந்து வசனங்களை எடுத்துக்கொள்வோம். தம்பி, புரொஜெக்டரை அணைத்துவிடுங்கள். பெரியவர்கள் யாராவது ஒருவர் மெட்டை எடுத்துக் கொடுங்கள்.