பாட்டியின் முட்டியில் இருக்கும் ஆட்டம்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

"நம் பிள்ளைகளுக்கு மரபு நடனமே போதும், தற்கால நடனம் வேண்டாம்" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். பரதம் மாறாத கலையாம், அதில் கை வைக்கக் கூடாதாம். சலங்கையும் நகையும் இல்லாமல் தரையில் புரள்வது ஆட்டமே இல்லையாம்.

மாறாத கலையா? அண்ணன் போற்றும் பரதநாட்டியம் என்ற பெயரே நம் தாத்தா காலத்தில்தான் ஊன்றியது. அதற்கு முன் அது சதிர். 1935-இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி சென்னை அடையாற்றில் அதை ஆட மேடையேறியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றோ மகளின் அரங்கேற்றத்துக்கு நாம் நகையை அடகு வைக்கிறோம். எங்கள் வீட்டு வளையல் ஒரு ஜோடி இன்னும் திரும்பவில்லை, அது வேறு கதை.

நகை இல்லாத ஆட்டத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகப் பரதம் பயின்றவர் சந்திரலேகா. அவர்தான் 1985-இல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரிப் போர்க்கலையையும் யோகத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். பரதத்தின் அடிப்படை அடவு வராமல் செய்த வேலையல்ல அது. நம் மலேசியாவில், 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம் மலாய்க்காரர். பாலே, நவீன நடனம், பரதம், ஒடிசி எல்லாம் கற்றவர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டதா?

எல்லாத் தற்கால நடன நிகழ்ச்சியும் எனக்குப் புரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூரில் ஒருவர் முக்கால் மணி நேரம் ஒரு நாற்காலியைச் சுற்றி வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டியதைப் பார்த்து நானும் தட்டினேன்.

ஆனால் போன மாதம் இதே மண்டபத்தில் நடந்த தற்கால நடனப் பட்டறை எனக்குப் புரிந்தது. "உங்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய உடம்பை ஆடிக் காட்டுங்கள்" என்றார் பயிற்றுநர். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து இடுப்புப் பையில் போட்டாள். முட்டியை மடித்தாள், கிட்டத்தட்ட பரதத்தின் அரைமண்டி நிலை. கத்தி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். முதல் நான்கு மரத்துக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். இருபதாவது மரத்தில் மண்டபத்தில் சத்தமே இல்லை.

அவளை அழைத்துப் போக வந்த பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடுவில் வந்தார். "அப்படி அழுத்தக் கூடாது அம்மா, மரத்துக்குக் காயம் படும்" என்று பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினார்.

அவர் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இன்று செம்பனை எண்ணெய்த் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்ற அந்தக் காலம் மிச்சமிருப்பது அவர் தோளிலும் முட்டியிலும்தான். அதைப் பேத்திக்குக் கைமாற்ற, பரதத்தில் ஆடும் எந்த வர்ண உருப்படியில் இடம் இருக்கிறது, அண்ணா? கண்ணனும் ராதையும் ஆடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பால்வெட்டுக்காரியும் ஆடட்டும் என்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு வரி மட்டும். நாளை மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் இங்கேதான் ஆடுகிறார்கள். பாட்டி முன்வரிசையில் உட்காருவார், தவறினால் எழுந்து வந்து திருத்துவார். அவர் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு அண்ணனுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.