ஸ்கேன் கண்ணில் படாத இரண்டு சாய்கோடுகள்

வணக்கம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஒத்தக்கடை வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரிவது யானைமலை. இன்றைக்கு ஜேசிஎல் பிழைகளைப் பார்ப்போம்; மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஒரு வேலையை, அதாவது ஜாப்பை, எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் மொழிதான் ஜேசிஎல். மெயின்ஃபிரேம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காகவே இந்த வீடியோ.

சப்மிட் செய்யும் முன் ஜாப் கார்டில், அதாவது ஜாப்பின் பெயர் இருக்கும் தொடக்க வரியில், டைப்ரன்=ஸ்கேன் போடச் சொல்வார்கள். போடுங்கள், நல்ல பழக்கம். ஜாப் ஓடாது, இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். கமாவுக்குப் பின் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், அதற்கு அப்புறம் உள்ளதைச் சிஸ்டம் கமென்ட் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரியில் தொடர்ச்சியைத் தேடும். அந்தத் தப்பை ஸ்கேன் பிடித்துவிடும். ஆனால் டேட்டாசெட், அதாவது ஜாப் கேட்கும் ஃபைல், நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்காது.

இன்னொன்றும் அதன் கண்ணில் படாது. எனக்கு நடந்தது இது. ஐந்து ஸ்டெப் உள்ள ஒரு ஜாப். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று மூன்றாவது ஸ்டெப்புக்குக் கீழே ஒரு வரியில் // மட்டும் அடித்துவிட்டேன். ஸ்கேன் ஒரு பிழையும் சொல்லவில்லை. ராத்திரி ஓடியது, ஓடிய ஸ்டெப் எல்லாம் 0000, அதாவது பிழையில்லாமல் முடிந்தது. விடிந்ததும் போன் வருகிறது, ரிப்போர்ட் எங்கே என்று. நான்காவது, ஐந்தாவது ஸ்டெப் ஓடவே இல்லை! வெறும் // என்றால் நல் (null, வெற்று) ஸ்டேட்மென்ட், ஜாப் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இடைவெளி விடத்தான் வேண்டும் என்றால் //* என்று போடுங்கள், அது கமென்ட் வரி.

இதை எடிட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம். திரையைப் பாருங்கள். கமாண்ட் லைனில் 'எக்ஸ் ஆல்' அடிக்கிறேன், எல்லா வரியும் மறைந்துவிட்டது. இப்போது தேடுவதற்கு எஃப் '// ' 1 ஆல். சாய்கோடுகளுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது, கவனியுங்கள். முதல் இடத்தில் இப்படித் தொடங்கும் வரிகள் மட்டும் திரும்ப வந்திருக்கின்றன. பெரும்பாலும் தொடர்ச்சி வரிகள்தான், வலப்பக்கம் ஏதாவது எழுதியிருக்கும். ஒன்றுமே இல்லாமல் நிற்கிறதே ஒரு வரி, அதுதான் ஆள். அது ஜாப்பின் கடைசி வரியாக இருந்தால் பரவாயில்லை, நடுவில் நின்றால் தூக்கிவிடுங்கள். பிறகு 'ரீசெட்' அடித்தால் எல்லாம் பழையபடி.

அப்படியே 'கால்ஸ்' அடித்து அளவுகோலையும் வரவழையுங்கள். தொடர்ச்சி வரியில் எழுதுவது 4-ஆவது இடத்திலிருந்து 16-ஆவது இடத்துக்குள் தொடங்க வேண்டும், 71-ஐத் தாண்டக் கூடாது.

சரி, வெயில் ஏறிவிட்டது, திரை தெரியவில்லை. ப்ராக் ஓவர்ரைடை, அதாவது தயாராக எழுதி வைத்த ஜேசிஎல்லில் சிலதை மட்டும் மாற்றி ஓட்டுவதை, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.