எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர்: நினைவுள்ள கைக்கடிகாரங்களின் கதை

(அறிவியல் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசைப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கைக்கடிகாரத்துக்குள் கால்குலேட்டரும், அதன் பின்னாலேயே டெலிபோன் நம்பர்களும் எப்படி வந்து உட்கார்ந்தன என்பதுதான் இன்றைய பேச்சு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "சிப் சிறுத்தது, மெமரி பெருத்தது, வாட்ச் கெட்டிக்காரன் ஆனது" என்று முடித்துவிடுவார்கள். என் கட்சி வேறு. சிப் வருஷா வருஷம் சுருங்கியது, மனுஷன் விரல் சுருங்கவில்லை. தகவலைச் சேர்த்து வைப்பதைவிட, அதை உள்ளே போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பொறியாளர்கள் இருபது வருஷம் மல்லுக்கட்டியது அந்த இடத்தில்தான்.

1972-இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் பல்சர் என்ற கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் கிடையாது, சிவப்பு எல்.இ.டி. எண்கள். விலை 2,100 டாலர். எல்.இ.டி. பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும் என்பதால் எண்கள் எந்நேரமும் தெரியாது, பொத்தானை அழுத்தினால்தான் மணி காட்டும். மணி பார்க்க இரண்டு கையும் வேண்டும்! அதே பல்சர் பெயரில் 1975 டிசம்பரில் கால்குலேட்டர் வாட்ச் வந்தது. தங்கக் கூடு, 3,950 டாலர். அந்தக் காசுக்கு அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன காரே வாங்கலாம். பொத்தான்களோ விரலுக்கு அடங்காத அளவு பொடிசு; குத்துவதற்குத் தனியாக ஒரு குச்சி. குச்சி தொலைந்தால் கணக்கும் தொலைந்தது.

1977-இல் ஹ்யூலெட்-பேக்கார்டு கொண்டுவந்த எச்.பி.-01 என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே மிகப் புத்திசாலித்தனமான கடிகாரம். 28 பொத்தான்கள். சிலவற்றை விரலால் அழுத்தலாம், மற்றவற்றுக்கு இங்கேயும் குச்சிதான். அதைக் கடிகாரப் பட்டையின் கொக்கியிலேயே ஒளித்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கடிகாரத்தையும் கால்குலேட்டரையும் ஒரே கூட்டில் அடைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். எச்.பி. இரண்டையும் பேச வைத்தது. இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கழிக்கலாம். வெளியூர் அழைப்புக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று போட்டு, ஓடுகிற ஸ்டாப்வாட்ச்சால் பெருக்கினால், பேசப் பேசக் கட்டணம் மணிக்கட்டில் ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடியதைப் பார்த்து வயிறு கலங்கியவர்களுக்கு அது புரியும். மூன்று பேட்டரி, 650 டாலர், கையில் கனம். சில வருஷங்களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

பந்து இப்போது ஜப்பான் பக்கம் போகிறது. காசியோ கடிகாரக் கம்பெனியாகப் பிறந்தது அல்ல. அதை நடத்தியவர்கள் காஷியோ சகோதரர்கள் நால்வர். அவர்கள் பேர் வாங்கியது 1957-இல் வந்த 14-ஏ என்ற, ரிலே எனும் மின்காந்த சுவிட்சுகளால் ஓடிய மேசைக் கால்குலேட்டரில். நால்வரில் கண்டுபிடிப்பாளர் தோஷியோ. நேரம் என்பது ஒரு நொடியோடு இன்னொரு நொடியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் என்பது அவர் பார்வை. கூட்டல் நமக்குத் தெரிந்த தொழில்தானே, அப்புறம் கடிகாரம் செய்ய என்ன தயக்கம்? 1974-இல் வந்த காசியோட்ரான் கடிகாரம், மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்று தானே கணக்குப் பார்த்துத் தேதியை மாற்றியது. ஸ்விஸ் கடிகாரப் பட்டறையில் வளர்ந்த ஒருவருக்கு இப்படித் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1980-இல் காசியோவின் சி-80 கால்குலேட்டர் வாட்ச். தங்கம் இல்லை, குச்சியும் இல்லை. பிளாஸ்டிக் கூடு, எல்.சி.டி. திரை, விரல் நுனியால் அழுத்தக்கூடிய பொத்தான்கள். பணக்காரர் பொம்மையாக இருந்த பொருள் பள்ளிக்கூடப் பையன் கைக்கு வந்தது இப்போதுதான். 1984 வாக்கில் இன்னொரு சேட்டையும் செய்தார்கள். ஏ.டி.-550 என்ற கடிகாரத்தில் பொத்தான் வரிசையே கிடையாது. கண்ணாடி மேல் விரலால் 5 என்று எழுதி, கூட்டல் குறி போட்டு, 3 என்று எழுதினால் விடை வரும். விரலைச் சிறிதாக்க முடியாது, சரி, முகப்பு முழுவதையும் விரலுக்கே விட்டுவிடுவோம் என்ற யோசனை.

அதே 1984-இல், டெலிபோன் நம்பர்களைச் சேர்த்து வைக்கும் காசியோவின் முதல் டேட்டாபேங்க் வாட்ச் வந்தது. அடுத்த வருஷமே பெயரும் நம்பருமாக 50 பதிவுகள் கொள்ளும் மாடல்கள் வந்துவிட்டன. எந்த வரிசையில் போட்டாலும் ஆங்கில அகரவரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும். ஆனால் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். ஒவ்வொரு எழுத்தையும் 'ஏ'யிலிருந்து உருட்டிக்கொண்டே போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்மித்துக்கு எட்டு எழுத்து தாராளம். நம் பாலசுப்பிரமணியன் 'பாலசுப்ர'வோடு நின்றுவிடுவார். ராமகிருஷ்ணன், ராமகிருஷ்ணா மெடிக்கல்ஸ் எல்லாம் ஒரே 'ராமக்ரிஸ்'தான். எது மருந்துக்கடை என்று நம்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கையிலும், சென்னை பர்மா பஜார் கடைகளிலும் இந்த வாட்சைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

இன்னொரு வினை, பேட்டரி. இந்தக் கடிகாரங்களின் நினைவு மின்சாரம் இருக்கும் வரைதான். பேட்டரியைக் கழற்றினால் ஐம்பது பேரும் போனார்கள். அதனால் முக்கியமான விவரங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று காசியோவே தன் கையேட்டில் எச்சரித்தது. டைரியை ஒழிக்க வந்த கடிகாரத்துக்குத் துணை டைரி!

இன்னொரு ஜப்பான் கடிகாரக் கம்பெனியான சீகோ எதிர்த்திசையில் யோசித்தது. கடிகாரத்தில் தட்டச்சு செய்வதே மடத்தனம், விசைப்பலகையைத் தனியாக வைப்போம் என்றது. 1983-இல் வந்த டேட்டா 2000-இல் ஆயிரம் எழுத்து வீதம் இரண்டு குறிப்புகள் வைக்கலாம். விசைப்பலகை மேல் கடிகாரத்தை வைத்துத் தட்டினால், கம்பி இல்லாமல் மின்காந்தத் தூண்டலால் எழுத்து உள்ளே போகும். அடுத்த வருஷம் ஆர்.சி.-1000: வீட்டுக் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டி, கேபிள் வழியே 2 கிலோபைட் நினைவுக்குள் ஏற்றலாம். விஷயத்தைச் சரியாகப் பிடித்தது சீகோதான் என்பேன். ஆனால் 1984-இல் எத்தனை பேர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? வழியில் ஒருவர் நம்பர் கொடுத்தால், வீட்டுக்குப் போகும் வரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பத்து வருஷம் கழித்து, 1994-இல், டைமெக்ஸ் என்ற கடிகாரக் கம்பெனியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து டேட்டாலிங்க் என்ற வாட்சைக் கொண்டுவந்தன. இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். கேபிள் கிடையாது. கம்ப்யூட்டரில் பெயர், நம்பர், சந்திப்பு நேரம் எல்லாம் சேர்த்துவிட்டு, கட்டளை கொடுத்து, மணிக்கட்டைத் திரைக்கு நேரே நீட்ட வேண்டும். திரையில் வெள்ளைக் கோடுகள் படபடவென்று மின்னும். கடிகார முகப்பில் இருக்கும் சின்ன ஒளியுணரி அதைப் படித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது.

இது எப்படி நடந்தது? அன்றைய குண்டு மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக வரிவரியாகத் திரையை வருடும். நம் கண்ணுக்குத் திரை முழுவதும் ஒரே நேரத்தில் எரிவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒவ்வொரு வெள்ளைக் கோடும் தன் முறை வரும்போது ஒரு கணம்தான் பளிச்சிடும். கோடு இருந்தால் ஒரு துடிப்பு, இல்லாவிட்டால் இருட்டு. ஒன்றும் பூஜ்யமும் அனுப்ப வேறென்ன வேண்டும்? எல்லா மேசையிலும் ஏற்கெனவே இருந்த பொருளையே அனுப்பும் கருவியாக்கிவிட்டார்கள். விண்வெளிப் பயணத்துக்கு நாசா தகுதி கொடுத்த கடிகாரங்களில் இதுவும் ஒன்று.

அதே நுட்பம்தான் இதற்குக் காலனும் ஆனது. எல்.சி.டி. திரையில் கற்றையும் இல்லை, அந்தத் துடிப்பும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்கு எல்.இ.டி. பொருத்திய தனி அடாப்டர் விற்க வேண்டியிருந்தது. தட்டைத் திரை மேசைக்கு வர வர வழி அடைபட்டது. பின்னால் யூ.எஸ்.பி. கம்பியோடு ஒரு டேட்டாலிங்க் வந்தது. அதற்குள் நம்பர்கள் எல்லாம் செல்போனுக்குக் குடிபோய்விட்டன. இன்றைய ஸ்மார்ட்வாட்சில் யாரும் பெயரைத் தட்டுவதில்லை. போன் பக்கத்தில் இருந்தால் பெயர்கள் தானாக இறங்கிவிடும். சீகோ 1984-இல் சொன்னதேதான். அன்று இல்லாத கம்ப்யூட்டர் இன்று எல்லார் பையிலும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய டேட்டாலிங்க் வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். குண்டு மானிட்டரைத் தேடி அலையாமல், மைக்ரோகண்ட்ரோலர் எனும் குட்டிக் கணினி பொருத்திய கைக்கடக்கமான பலகையில் ஒரு எல்.இ.டி.யை இணைத்து, அந்தக் கோடுகள் மின்னும் தாளத்திலேயே அதை மின்ன வைத்து ஆர்வலர்கள் இன்றும் நம்பர் ஏற்றுகிறார்கள். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது செய்து பார்க்க விரும்பினால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். எந்தப் பலகை, எந்த மென்பொருள் என்று சொல்கிறேன்.