சர்க்யூட் சிமுலேட்டர்: எதை எதுக்குத் திறக்கணும்?

[திரையில்: பிரெட்போர்டில் ரெண்டு எல்இடி மாறி மாறி மின்னுகிறது]

ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், நாலு ரெசிஸ்டர். நம்மில் பல பேர் ஆசையா முதல்ல கட்டின சர்க்யூட் இது. இதையே வேற வேற சிமுலேட்டர்ல, அதாவது சர்க்யூட்டைக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிக் காட்டுற மென்பொருள்ல, போட்டுப் பார்க்கலாம்.

[திரையில்: டிங்கர்கேட்]

டிங்கர்கேட் பிரவுசர்லயே ஓடும், இலவசம். ரெசிஸ்டர் இல்லாம எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில மாட்டினா, வெடிச்ச குறி வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆர்டுயினோங்கிற புரோகிராம் பண்ணக்கூடிய சின்ன போர்டைப் பழகுறவங்களுக்கும் இது தாராளம்.

[திரையில்: ஃபால்ஸ்டாட்]

"ஏன் மின்னுது?"ன்னு கேட்டா, நான் திறக்கிறது ஃபால்ஸ்டாட். கரன்ட் மஞ்சள் புள்ளிகளா வயர்ல ஓடும். கெப்பாசிட்டர் நிரம்புறதும் வடியுறதும் கண்ணு முன்னாடியே நடக்கும். நம்ம சர்க்யூட் அதோட உதாரணப் பட்டியல்லயே இருக்கு.

[திரையில்: எல்டிஸ்பைஸ், கிராஃபில் நேர்கோடு]

அளவு துல்லியமா வேணும்னா எல்டிஸ்பைஸ். 1970-கள்ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பிறந்த ஸ்பைஸ்ங்கிற சிமுலேட்டரோட வாரிசு. இலவசம்தான், சர்க்யூட் எவ்வளவு பெருசா இருந்தாலும் தடையில்ல. ஆனா நம்ம சர்க்யூட்டை இதுல போட்டா பெரும்பாலும் மின்னாது! சர்க்யூட்ல தப்பே இல்ல. கடையில வாங்குற ரெண்டு டிரான்சிஸ்டர் அச்சு அசலா ஒண்ணு போல இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் ஆட்டத்தைத் தொடங்கி வைக்குது. எல்டிஸ்பைஸ்ல ரெண்டும் ஒரே அச்சு. அதனால எந்தப் பக்கமும் சாயாம ரெண்டும் ஆன்ல நின்னுடுது. ஒரு கெப்பாசிட்டருக்குத் தொடக்க வோல்டேஜ் கொடுத்துப் பாருங்க, ஓட ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, இதை மறக்கவே மறக்காதீங்க: ரெசிஸ்டர் மதிப்புல வெறும் 'எம்' போட்டா அது மெகா இல்ல, மில்லி. பெரிய எழுத்துல போட்டாலும் மில்லிதான். 1 மெகா ஓம் வேணும்னா 'மெக்'னு முழுசா அடிக்கணும். இல்லன்னா அந்த இடத்துல கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்.

பிசிபி, அதாவது பாகங்களைப் பத்த வைக்கிற அச்சுப் பலகை, போடுற எண்ணம் இருந்தா அதை வடிவமைக்கிற மென்பொருள் கைகேட். அதுக்குள்ளயே ஸ்பைஸோட இன்னொரு வாரிசான என்ஜிஸ்பைஸ் இருக்கு, வரைஞ்ச சர்க்யூட்டை அங்கேயே ஓட்டலாம்.

[திரையில்: பழைய 9 வோல்ட் பேட்டரி]

எதுல ஓட்டினாலும் பேட்டரியோட தொடர்ல ஒரு ரெண்டு ஓம் சேர்த்துடுங்க. நிஜ பேட்டரிக்கு உள்தடை உண்டு. பழசாக ஆக அது ஏறும்.