சிலந்திக்குக் காது எங்க இருக்கு? காலைப் பாருங்க

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னாடி இந்த வட்ட வலை தெரியுதா? வெயில் பட்டா கொஞ்சம் மின்னும், இதோ. நடுவுல தலைகீழாத் தொங்குதே, அதுதான் இன்னைக்கு நம்ம ஹீரோ. தப்பு, ஹீரோயின். இவ்ளோ பெரிய வலை போட்டு நடுவுல உக்காந்திருந்தா பெரும்பாலும் பெண் சிலந்திதான்.

கையில வச்சிருக்கறது இசைக்கவை, 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 தடவை அதிரும். பள்ளிக்கூட லேப்ல தட்டி விளையாடியிருப்பீங்க. முட்டியில ஒரு தட்டு. இப்ப கவையோட காம்பை, வலையோட ஓர இழை கட்டியிருக்கற இந்தக் குச்சியில லேசா வைக்கறேன். ம்... திரும்பிடுச்சு! முன்னங்காலால இழையைச் சுண்டிப் பாக்குது. எந்தப் பக்கம்னு முடிவு பண்ணியாச்சு, வருது, நேரா குச்சிப் பக்கம் வருது. கவை இழையிலயே பட்டுட்டு இருந்திருந்தா அதையே கட்டிப் புடிச்சிருக்கும்.

சரி, எடுத்துட்டேன். அது திரும்ப நடுவுக்குப் போய் அசையாம உக்கார்ற வரைக்கும் பொறுங்க. அவசரப்பட்டா அடுத்தது சொதப்பிடும்.

உக்காந்துடுச்சு. அதே கவை, அதே மாதிரி ஒரு தட்டு. இந்தத் தடவை வலையையும் தொடல, குச்சியையும் தொடல. காத்துலயே மெதுவாப் பக்கத்துல கொண்டு போறேன்... போச்சு! டப்புனு கீழ விழுந்துடுச்சு. கேமராவைக் கொஞ்சம் இறக்குறேன். சும்மா விழல பாருங்க, வயித்துல இருந்து ஒரு இழையை விட்டுக்கிட்டே இறங்கியிருக்கு. ஆபத்து போனதும் அதைப் புடிச்சே மேல ஏறிடும்.

இந்தச் சோதனை புதுசு இல்ல. 1880லயே சி.வி. பாய்ஸ்னு ஒரு இங்கிலாந்து இயற்பியல்காரர் இதைச் செஞ்சு, ரெண்டு விளைவையும் நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல எழுதிட்டாரு. ஒரே அதிர்வுதான், ஆனா வலை வழியா வந்தா சாப்பாடு, காத்து வழியா வந்தா குளவி மாதிரி ஆபத்து. சிலந்தி எதைக் கேக்குதுங்கறதை விட எந்த வழியா கேக்குதுங்கறதுதான் விஷயமே.

சரி, கேக்கறது எதால? காது கிடையாது, பூச்சிங்களுக்கு இருக்கற உணர்கொம்பும் கிடையாது. எல்லாம் கால்லதான். சிலந்தியோட தோல் கெட்டியான ஓடு. அந்த ஓட்டுல முடியை விட மெல்லிசா பிளவுகள் இருக்கு. அகலம் 1, 2 மைக்ரான், மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நீளம் 8ல இருந்து 200 மைக்ரான் வரைக்கும் போகும். கால் மேல ஒரு சின்ன விசை விழுந்தாக்கூட ஓடு நெளியும், பிளவு இறுகும், உள்ள இருக்கற நரம்பு சேதி அனுப்பும். அவ்ளோதான் சங்கதி. குப்பியென்னியஸ் சாலேனு ஒரு அலையும் சிலந்தி, இந்த ஆராய்ச்சிலயே அதிகமா சோதிச்சுப் பாத்த இனம். அது ஒண்ணோட உடம்புலயே 3000க்கு மேல பிளவுகள் இருக்கு.

இதுல சில பிளவுகள் மூட்டுக்குப் பக்கத்துல, தந்தி கட்டின மாதிரி வரிசையா நிக்கும். அதனால யாழ் வடிவ உறுப்புனு பேரு. பேரு வச்ச ஆளுக்கு நல்ல ரசனை. அதிர்வுக்குன்னு இருக்கற முக்கியமான யாழ், பாதத்துக்கு அடுத்த மேல் கணுவோட நுனியில இருக்கு. குப்பியென்னியஸுக்கு அதுல 21 பிளவு.

இங்க ஒரு அருமையான வேலைப்பாடு இருக்கு. பாதத்துக்கும் அந்த யாழுக்கும் நடுவுல ரப்பர் மாதிரி ஒரு மெத்தை. காத்துல இலை ஆடற மாதிரி மெதுவான அசைவு வந்தா மெத்தை அமுங்கி அதை முழுங்கிடும். வேகமான அதிர்வு வந்தா அதே மெத்தை விறைச்சுக்கிட்டு அப்படியே யாழுக்குத் தள்ளிவிடும். சுமார் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ கால் நல்லா ஆடினாத்தான் நரம்பு கண்டுக்கும். அதுக்கு மேல போகப் போகக் கூர்மை ஏறிக்கிட்டே போய், 1000 ஹெர்ட்ஸ் பக்கம் சில நானோமீட்டர் (மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அசைவே போதும். காத்தோட ஆட்டம் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழதான். பூச்சி துடிக்கறது பல நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் கலந்து கட்டி வரும். அதனால இரைச்சலை மூளை வடிகட்ட வேண்டிய வேலையே குறைஞ்சு போச்சு, கணுவே வடிகட்டிடுது.

திசை எப்படித் தெரியுது? எட்டுக் காலும் எட்டுப் பக்கம் விரிஞ்சிருக்கு. நடுவுல இருந்து சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி போற இழைங்க மேலதான் பாதம் இருக்கும். ஒட்டுற சுருள் இழை பூச்சியைப் புடிக்கத்தான், சேதி கொண்டு வர்றது ஆர இழை. அதுலயும் இழையோட நீளவாட்டுல வர்ற அதிர்வுதான் வழியில ரொம்பக் கம்மியாத் தேயும். எந்தக் கால்ல முதல்ல, எந்தக் கால்ல பலமான்னு ஒப்பிட்டாப் போதும். குப்பியென்னியஸை வச்சு அளந்தப்போ, ரெண்டு காலுக்கு நடுவுல 4 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தாலே சரியான பக்கம் திரும்பிச்சு.

மாட்டின பூச்சி துடிக்காம கம்முனு கிடந்தா? அதுக்குத்தான் முன்னாடி பாத்தோமே, அந்த இழையைச் சுண்டறது. ஒவ்வொரு இழையா இழுத்து விடும். பாரம் தொங்கற இழை வேற மாதிரி பதில் சொல்லும். ஆண் சிலந்தியும் இதே இழையிலதான் வரணும், அதனால இரை மாதிரி துடிக்காம, தனக்குன்னு ஒரு தாளத்துல தட்டிக்கிட்டே வரும். தாளம் தப்பினா ஆபத்து அவருக்குத்தான்.

நீங்க செஞ்சு பாக்கறதா இருந்தா, பெரும்பாலும் எங்க சொதப்புதுன்னு சொல்லிடறேன். கவையை, ஒட்டுற இழையில வச்சீங்கன்னா வலை கிழியும், சிலந்தி ஓரமா ஓடி ஒளிஞ்சுக்கும். குச்சியைத் தொடுங்க, இல்ல ஒட்டாத ஓர இழையைத் தொடுங்க. கவையை மேசையில ஓங்கித் தட்டாதீங்க, கூடவே வேற கீச்சு ஒலியும் கிளம்பும். ரப்பர்லயோ முட்டியிலயோ தட்டுங்க. கவை இல்லன்னா சோனிக் டூத்பிரஷ் எடுத்துக்கலாம், அது ஒரு 250 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஓடும், ஈயோட சிறகடிப்புக்குக் கிட்ட. காத்தடிக்கற நாள் வேண்டாம், வலையே ஆடிக்கிட்டு இருந்தா எதுக்குத் திரும்பிச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

ரொம்ப முக்கியம், உங்க மூச்சு. கிட்டப் போய்ப் படம் எடுக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. சிலந்திக் கால்ல, குழிக்குள்ள நட்டு வச்ச மாதிரி ரொம்ப மெல்லிசான நிமிர்ந்த முடிங்க இருக்கும், டிரைக்கோபோத்ரியானு பேரு. குப்பியென்னியஸுக்கு ஒரு கால்லயே நூறு பக்கம். நீளமான முடி மெதுவான காத்தசைவுக்கு, குட்டை முடி வேகமானதுக்கு. ஒரு ஈ பறந்து போற காத்தையே இதை வச்சு உணர்ந்து தாவிப் புடிச்சிடும். நீங்க விடற மூச்சு அதுக்குப் புயல். அடக்கிக்கங்க, இல்ல முகத்தைத் திருப்பி விடுங்க.

அப்புறம், திரும்பத் திரும்பப் பண்ணாதீங்க. அமெரிக்கால சிலந்தி ஆராய்ச்சி பண்ணின பெக்கம் தம்பதி 1887லயே கவையை வச்சு இதைக் காட்டிட்டாங்க: விழுந்து விழுந்து பாத்து, ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சதும் சிலந்தி கண்டுக்கறதை விட்டுடும். ஒரு சிலந்திக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, நடுவுல நல்ல இடைவெளி, போதும்.

கிட்ட இருந்தாத்தான் கேக்கும்னு நினைச்சுடாதீங்க. ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ்னு ஒரு தாவும் சிலந்தி, 3 மீட்டருக்கு அப்பால இருந்து வர்ற 80 ஹெர்ட்ஸ் ஒலிக்கே உறைஞ்சு நின்னதுன்னு 2016ல ஆய்வு வந்துச்சு. 2022ல இன்னும் ஒரு படி மேல: பாலங்கள்ல வலை கட்டற லரினியாய்டஸ் சிலந்தி, தன் வலையையே காத்துல வர்ற ஒலியைப் புடிக்கற சவ்வு மாதிரி பயன்படுத்துதுன்னு கண்டுபிடிச்சாங்க. உடம்புக்கு வெளிய, தானே நெய்து வச்ச செவிப்பறை! எனக்கு இந்தத் துறையிலயே புடிச்ச விஷயம் இதுதான்.

இப்ப சுவத்துப் பக்கம் வாங்க. இது தாவும் சிலந்தி. வலை கட்டி இரை புடிக்காது, கண்ணை நம்பிப் பொழைக்குது. பென்சிலை ஒரு 15 சென்டிமீட்டர் தள்ளி அசையாம வைக்கறேன். கண்டுக்கல. லேசா நகத்துறேன்... உடம்போட திரும்பிடுச்சு. அசைவைப் புடிச்சது ஓரத்துல இருக்கற சின்னக் கண்ணுங்க, உத்துப் பாக்கறது முன்னாடி இருக்கற ரெண்டு பெரிய கண்ணு. அந்தப் பெரிய கண்ணோட லென்ஸ் ஓட்டோட ஒட்டினது, நகராது. உள்ள இருக்கற குழாயோட கடைசியில விழித்திரை, அதுதான் நகர்ந்து நகர்ந்து படிக்கும். விழித்திரை நாலு அடுக்கு. ஓர் அடுக்குல பிம்பம் தெளிவா, இன்னொண்ணுல மங்கலா விழும். அந்த மங்கலோட அளவை வச்சே தூரம் கணக்குப் போடுது. இதை 2012ல எப்படி நிரூபிச்சாங்க தெரியுமா? பச்சை வெளிச்சத்துல தாவினப்போ சரியா விழுந்துச்சு. சிவப்பு வெளிச்சத்துல இரைக்கு முன்னாலயே விழுந்துடுச்சு. சிவப்புல மங்கல் கூடும், அதனால இரை கிட்ட இருக்கற மாதிரி ஏமாந்துடுது. அதனால ராத்திரி சிவப்பு விளக்குல இதோட தாவலைப் படம் புடிச்சா கணக்குத் தப்பா வரும், பாத்துக்கங்க.

கடைசியா நம்ம வலைக்காரிகிட்டயே வருவோம். மேல ஏறி வந்தாச்சு. ஒரு காஞ்ச இலைத் துணுக்கை வலையில போடறேன். வருது... முன்னங்காலால தொட்டுப் பாத்துச்சு, பாருங்க. பாத நுனியில ஓட்டை வச்ச முடிங்க இருக்கு, நாக்கு மாதிரி. ருசி இல்ல. சுத்தி இழையை வெட்டித் தூக்கிப் போட்டாச்சு. அதிர்வு இழுத்துக்கிட்டு வந்துச்சு, கால் ருசி பாத்து வேண்டாம்னுடுச்சு.

இருட்டப் போகுது. சுருள் இழையை உருட்டி வாய்ல போட ஆரம்பிச்சிருக்கு. பழைய வலையைத் தின்னுட்டுப் புதுசு கட்டப் போகுது. இந்த நேரத்துல கவையை நீட்டாதீங்க. நான் கேமராவை ஸ்டாண்டுல விட்டுட்டு லைட்டை அணைக்கறேன்.