தூரத்தைக் குறையுங்கள், பிள்ளையை விரட்டாதீர்கள்
(கோடைத் தொடக்கக் குடும்ப நடைப்பயணக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, வழிகாட்டும் தொண்டர்களே, முன்வரிசையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி முடிகிறது, பகல் நீள்கிறது, மலையில் பனி உருகிப் பாதைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. குடும்ப நடைப்பயண நிகழ்ச்சிகள் வரிசை கட்டி வரும் பருவம் இது. அமெரிக்காவில் 1993 முதல் ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமையை நடைத்தடங்களுக்கென்றே ஒரு தேசிய நாளாக வைத்திருக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் முதல்முறையாகக் காட்டுப்பாதையில் கால் வைப்பது இப்படி ஒரு நிகழ்ச்சியில்தான். அதே குடும்பங்களில் பல அடுத்த வருடம் வருவதில்லை. மழை, கொசு, களைப்பு என்று காரணம் சொல்வார்கள். பாதையோரத்தில் தொண்டராக நின்று பார்த்த எனக்குத் தெரிவது வேறு. பெரியவர்களின் வேகத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறோம். பிள்ளைக்குப் பாதை வெறுத்துப்போகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அருவிக்குப் போகும் வழியில் ஒரு மரப்பாலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து வயது இருக்கும், ஒரு சிறுமி. பாலத்துப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் இலையை ஓடையில் போடுவாள். அப்புறம் தவழ்ந்து மறுபக்கம் போய், இடுக்கு வழியாக அது வெளியே வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால் ஒரு கூச்சல். வராவிட்டால் எங்கே மாட்டிக்கொண்டது என்று ஆராய்ச்சி. அப்பா மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். “அருவி மூடிவிடுவார்களா என்ன?” என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் திரும்பி வரும்போது பிள்ளையின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. அருவி எப்படி இருந்தது என்றேன். “தெரியாது” என்றாள். அவளுக்கான அருவி அந்தப் பாலத்தடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த அப்பா நல்ல மனிதர்தான். அவருக்கு யாரும் நேரக்கணக்கைச் சரியாகச் சொல்லித்தரவில்லை.

அந்தக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு விதி எழுதினார். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் பலர் திட்டம் போடுவது இதை வைத்துத்தான். ஆனால் அது உடற்கட்டுள்ள, நடந்து பழகிய பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரத்தைவிட நேரம்தான் முக்கியமாக எழுதியிருக்கும். அது சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 4.2 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்ட நேரம். நின்று இளைப்பாறும் நேரம் அதில் சேராது. பிள்ளையோடு போகும் நடையில் பாதி, நிற்பதுதானே! பலகையில் ஒரு மணி என்று இருந்தால் சிறு பிள்ளையோடு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வந்தால் ஓடையில் இலை விடலாம்.

“அப்படியென்றால் நேரமாகிவிடுமே” என்பீர்கள். ஆகும். அதனால்தான் தூரத்தைக் குறைக்கச் சொல்கிறேன். இதில் பாசம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது.

கோடையின் உச்சத்தைவிட அதன் தொடக்கத்தில் வருகிற வெயில் சில வகையில் மோசமானது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்புக்குச் சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். குளிரிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த உடம்புக்கு அந்தப் பழக்கம் வந்திருக்காது. பெரியவருக்கே இப்படி என்றால் பிள்ளைக்கு இன்னும் சிரமம். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளையின் தோல் பரப்பு அதிகம், அதனால் வெளிச்சூட்டை அதிகமாக வாங்கிக்கொள்ளும். வியர்ப்பதும் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லவும் மாட்டார்கள். கேட்டுக் கேட்டுக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் நின்று இரண்டு மடக்குக் குடிப்பது என்று வழக்கமாக்கிவிடுங்கள். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மந்தமானால், எரிச்சல்பட்டால், தலை வலிக்கிறது என்றால், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ குளிர்விப்பதை நிறுத்தாமல் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

முதுகுத் தொட்டிலில் கைக்குழந்தையைச் சுமப்பவர்களுக்கு ஒன்று. ஏறுகிற உங்களுக்கு வேர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ காற்றடிக்கும் மேட்டில் குளிரில் விறைக்கலாம், வெயிலில் கால் மட்டும் நிழலுக்கு வெளியே தொங்கிச் சிவந்துபோகலாம். உங்கள் உடம்பை வைத்து அதன் சூட்டை எடை போட முடியாது. அடிக்கடி இறக்கித் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே போனால் சில்லென்று இருக்கிறது என்பதற்காகத் தொப்பியைக் கழற்றிவிடக் கூடாது.

பிற்பகல் விஷயமும் இருக்கிறது. மலைகளில் கோடை இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும். பனி உருகி வரும் ஓடை காலையில் கணுக்காலளவு இருக்கும், மாலை நெருங்க நெருங்கப் பெருகும். காலையில் சிரித்துக்கொண்டே தாண்டிய ஓடையைத் திரும்பும்போது தாண்ட முடியாமல் போகலாம். ஆகவே கிளம்பும்போதே ஒரு திரும்பும் நேரத்தை முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். எங்கே நின்றாலும் அந்த நேரத்தில் திரும்புகிறோம், அவ்வளவுதான். இடி கேட்டால் மேட்டை விட்டு இறங்குங்கள், கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.

இதனால்தான் வட்டப்பாதையைவிடப் போன வழியே திரும்பும் பாதையைக் குடும்பங்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன். வட்டப்பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் முன்னாலும் அதே தூரம், பின்னாலும் அதே தூரம். போன வழியே திரும்புவதில் எந்த இடத்தையும் “இதுதான் நம் எல்லை” என்று சொல்லலாம்.

உண்ணி பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உண்ணி கடித்தால் வருகிற லைம் நோய் என்ற கிருமித் தொற்றைப் பரப்பும் உண்ணி இருக்கிற நாடுகளில், கோடைத் தொடக்கத்தில்தான் அதன் இளம் பருவம் மும்முரமாக இருக்கும். அது கசகசா அளவுதான். வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று விரலால் தடவித் தேட வேண்டும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டுப்படும். மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பொதுவாக அந்தக் கிருமி உடம்புக்குள் போக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும், அன்றைக்கே எடுத்துவிட்டால் பயப்பட அதிகம் இல்லை.

இப்போது முன்வரிசையிடம் பேசுகிறேன். பிள்ளைகளே, வழி தவறிவிட்டால் என்ன செய்வீர்கள்? தேடி ஓடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இருங்கள். விசிலை மூன்று முறை ஊதுங்கள், நிறுத்துங்கள், மறுபடி மூன்று முறை. கலிபோர்னியாவில் 1981-இல் ஒரு சிறுவன் வழி தவறிய துயரத்துக்குப் பிறகு, தேடுதல் தொண்டர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பாடம் இது. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். உங்களை யாரும் திட்ட மாட்டார்கள். பெற்றோரே, இந்த வாக்கை அவர்கள் முன்னால் இப்போதே கொடுத்துவிடுங்கள். திட்டுக்குப் பயந்து, தேடுபவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒளிந்துகொள்கிற பிள்ளைகள் உண்டு.

கடைசியாக, நிகழ்ச்சி நடத்தும் நண்பர்களுக்கு. ஐரோப்பாவில் மக்கள் நடை என்று ஒரு மரபு இருக்கிறது, 1968-இல் அதற்கு ஒரு சர்வதேச அமைப்பே உருவானது. போட்டி கிடையாது. ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்ப வேண்டியதில்லை, சில மணி நேர இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். குறுகியது, நீண்டது என்று பல தூரங்கள் இருக்கும். நடந்தவர் தன் ஏட்டில் முத்திரை வாங்கிக்கொள்வார். நாமும் அப்படிச் செய்யலாம். துப்பாக்கி சுட்டுத் தொடங்கி, முதலில் வந்தவருக்குக் கோப்பை கொடுக்கும் வழக்கத்தைக் குடும்ப நடையிலிருந்து எடுத்துவிடுங்கள். அனுபவமுள்ள தொண்டரை முன்னால் விடாமல், கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் நடக்க விடுங்கள். அவர் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு கிலோமீட்டரில் திரும்பி வந்த குடும்பத்தின் ஏட்டிலும் அதே மேசையில், அதே முத்திரையைக் குத்துங்கள். இந்த வருட நிகழ்ச்சிக்கு அந்த முத்திரையைச் செய்யச் சொல்லிவிட்டேன். குத்துவதற்கு மேசையில் உட்கார ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.